சந்தனமாரி தேடி எடுத்த ஏழாம் நம்பர்

1946-ஆம் வருஷம் ஜூலை மாதம் எட்டாம் தேதி திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். தூத்துக்குடியில் காசிலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குத் தாலுகா சப்ளை ஆபீஸ் பியூன் வந்து, ஒரு கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். காசிலிங்கம் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பிறகு கடையின் பின்கட்டில் பொட்டலத்துக்குத் தாள் கிழித்துக்கொண்டிருந்த தங்கை சந்தனமாரியிடம் நீட்டினார்.

ரேஷன் கடை லைசென்சுக்கு அவர் மனுப் போட்டு நாலு மாதமாகியிருந்தது. கிடைத்த மாதிரிதான் என்று ஆபீசிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது கடிதம் வேறு விதமாகப் பேசியது. மனுதாரர் முத்துக்குளிப்பு முகாமில் திருட்டுச் சாமான் வாங்கித் தண்டனை அடைந்தவர் என்று பெயரில்லாத மனு ஒன்று வந்திருக்கிறதாம். அது பொய் என்றால், கோர்ட்டு முத்திரை உள்ள ஆதாரத்தைப் பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் காட்ட வேண்டுமாம். தவறினால் லைசென்ஸ் அடுத்த மனுதாரருக்குப் போய்விடும்.

"மொட்டைக் கடுதாசி," என்றாள் சந்தனமாரி. "யாரு போட்டிருப்பா?"

"எவனோ போட்டுட்டுப் போறான். அவனைத் தேடிப் பிடிச்சா லைசென்சு வந்திருமா?"

"வராது. அப்ப கோர்ட்டுத் தாளைத் தேடுவோம். பத்து நாள் கெடக்குல்லா."

அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், பரணில் வைத்த பித்தளைத் தட்டை எடுத்துவரப் போகிறவள் மாதிரி இருந்தது.

வழக்கு என்று ஒன்று நடந்தது உண்மைதான். அப்போது காசிலிங்கத்துக்குப் பத்தொன்பது வயது, சந்தனமாரிக்குப் பதினாலு. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அது. கடற்கரை மணலில் பனையோலைக் கொட்டகைகளாலேயே ஒரு ஊர் எழும்பியிருந்தது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குளிகாரர்கள், வியாபாரிகள், ஆஸ்பத்திரி, போலீஸ், ஒரு மாஜிஸ்டிரேட் கோர்ட்டு எல்லாமே ஓலைக்குள் நடந்தன. காசிலிங்கம் அங்கே கருப்பட்டிக் காப்பி விற்றார். ஒருநாள் காலையில் அவருடைய தண்ணீர்ப் பானைக்கு அடியில் மணலுக்குள் இரண்டு பிளக்காத சிப்பிகள் இருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. யாரோ குளிகாரன் ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு எடுக்க நினைத்திருக்கிறான். அவனை யாரும் பிடிக்கவில்லை, பானைக்காரரைப் பிடித்தார்கள். நாலு நாள் காவலில் இருந்தார். பிரபவ வருஷம் பங்குனி பதினாலு, செவ்வாய்க்கிழமை, மாஜிஸ்டிரேட் அவரைப் பார்த்து "போகலாம்" என்றார். அவரும் போய்விட்டார். காதால் கேட்ட விடுதலைக்குக் காகிதம் வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக யாரும் கேட்கவும் இல்லை. வேண்டாதவர்கள் மட்டும் முதுகுக்குப் பின்னால் "சிப்பிக்காரன்" என்பார்கள். அது காதில் விழுந்த அன்றைக்குக் காசிலிங்கம் ராத்திரிச் சோறு உண்ண மாட்டார்.

சந்தனமாரி படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகிக் கயத்தாற்றில் ஆறு வருஷம் இருந்தாள். புருஷன் சிவனாண்டி கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனதும் அண்ணன் வீட்டுக்கு வந்து, கடையின் பின்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அங்கேதான் அவளுடைய மிச்சப் படிப்பு நடந்தது. கழித்துக்கட்டிய கோர்ட்டுக் காகிதங்களை அந்தக் காலத்தில் எடைக்கு விற்பார்கள். கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்க வாங்குவார்கள். சந்தனமாரி ஒரு தாளையும் படிக்காமல் மடித்ததில்லை. வேலித் தகராறு, மாடு திருட்டு, மண்டை உடைப்பு என்று எல்லா மனுவும் அவள் கண்ணில் பட்டுத்தான் கடுகையும் சீரகத்தையும் சுமந்துகொண்டு போகும். மனுவின் தலைப்பில் என்ன எழுத வேண்டும், நகல் கேட்பவர் எந்த மூலையில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், எத்தனை வார்த்தைக்கு மேல் எழுதினால் குமாஸ்தா திருப்பிக் கொடுப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இருவரும் தூத்துக்குடி சப் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் நின்றார்கள். சந்தனமாரி கையில் எழுதிய மனு தயாராக இருந்தது. பிரபவ வருஷத்துப் பங்குனி பதினாலு என்றால் இங்கிலீஷ் தேதி மார்ச் 27, 1928 என்று கோயில் பண்டாரத்திடம் பழைய பஞ்சாங்கம் பார்த்து அதிலேயே எழுதியிருந்தாள். கோர்ட்டு எழுத்தர் இருபத்தெட்டாம் வருஷத்து ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வழக்கே இங்கே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

"நாலு நாள் கம்பிக்குள்ள இருந்தேன். நடக்கலேன்னு சொல்லுதாரே!" என்று வாசலில் வந்து பொரிந்தார் காசிலிங்கம்.

அங்கே மரத்தடியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தா எபனேசர் சிரித்தார். அவர் இவர்கள் கடை வாடிக்கைக்காரர்.

"அண்ணாச்சி, முகாம் கேஸை இங்கன வந்து தேடுதியளே. முகாம் கோர்ட்டுங்கது கூடாரம் மாதிரி. முளையைப் பிடுங்கினா எல்லாம் வண்டியில ஏறிரும். அந்த மாஜிஸ்டிரேட்டு எந்த ஊர்க் கோர்ட்டுல இருந்து முகாமுக்கு வந்தாரோ, கேஸுக் கட்டும் அவரு கூடவே அந்த ஊருக்குப் போயிருக்கும்."

"எந்த ஊரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கோயில்பட்டியா இருக்கலாம், திருச்செந்தூரா இருக்கலாம், ஸ்ரீவைகுண்டமா இருக்கலாம், திருநெல்வேலியாவும் இருக்கலாம். நாலு ஊருக்கும் அலைஞ்சு பாக்கதுக்குள்ள உங்க பதினெட்டாம் தேதி ஓடியே போயிரும்."

காசிலிங்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. நாலு கடை தள்ளி இருக்கும் அடுத்த மனுதாரர் ரேஷன் பலகை மாட்டுவதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார். கடை வந்து சேர்ந்ததும் சந்தனமாரி ஒரு சொம்பு தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, அந்த மாஜிஸ்டிரேட்டு உம்ம கடையில காப்பி குடிப்பாரா?"

"அவரு ஏன் வாராரு? அவரு டவாலிச் சேவகரு வந்து வாங்கிட்டுப் போவாரு. பட்டை போட்ட ஆளு, நல்ல உசரம். அதுவும் நம்ம தண்ணியில போடக்கூடாதுன்னு சொல்லுவாரு. கடற்கரைத் தண்ணி உப்புக் கரிக்குமாம், அய்யாவுக்கு வயித்துக்கு ஒத்துக்காதாம். வண்டியில ஆத்துத் தண்ணி வரும். அதைக் குடத்தோட கொண்டாந்து வச்சி, 'இதுல போடும்'னு நிப்பாரு."

"என்ன குடம்?"

"பித்தளை. வாய் கொஞ்சம் நெளிஞ்சிருக்கும்."

"பேரு வெட்டியிருக்குமே?"

பித்தளைப் பாத்திரம் வாங்கினால் கழுத்தில் பேரும் ஊரும் வெட்டாமல் வீட்டுக்குள் ஏற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. சீர்வரிசையில் வந்ததென்றால் கொடுத்தவர் பேரும் இருக்கும். காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். எதைப் பார்த்தாலும் ஒன்றுவிடாமல் மனதில் எழுதிவைத்துக்கொள்கிற ஆள் அவர்.

"தளவாய்," என்றார். பிறகு மெல்ல, "ஸ்ரீவைகுண்டம்."

"ஒரு ஊரு போதும்," என்றாள் சந்தனமாரி.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். சண்டை முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்த பஸ் அது. இருபது மைல் சொச்சம் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்கால் வயல்களைத் தாண்டிக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர மணி பதினொன்றே கால்.

அங்கே பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிவசுப்பிரமணியன் என்ற எழுத்தர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார். மனுவைப் படித்தார். "முகாம் கேஸா? அந்த மாஜிஸ்டிரேட்டு இங்கேருந்து போனவர்தான்," என்றார். காசிலிங்கம் கையெடுத்துக் கும்பிடப் போன நேரத்தில் அவர் மேற்கொண்டு சொன்னார்: "ஆனா விடுதலையான சின்னக் கேஸுக் கட்டை எல்லாம் வச்சிருக்க மாட்டோம். ஆறு வருஷம் முந்தியே கழிச்சு எடைக்குப் போட்டாச்சு."

காசிலிங்கம் கும்பிடப் போன கையை இறக்கிவிட்டார். சந்தனமாரி அசையவில்லை.

"கட்டு போச்சு, சரி. ரிஜிஸ்தரைக் கழிக்க மாட்டியள்லா?"

சிவசுப்பிரமணியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "ஏம்மா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கியா?"

"அஞ்சாங் கிளாசு. ஆனா நீங்க எடைக்குப் போட்ட தாள்லதான் பத்து வருஷமாப் பொட்டலம் மடிக்கேன். உங்க கோர்ட்டு மனு ஆயிரம் படிச்சிருப்பேன்."

பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிவசுப்பிரமணியனுக்கும் உதட்டோரம் நெளிந்தது. எழுந்து போய் இருபத்தெட்டாம் வருஷத்து ரிஜிஸ்தரை எடுத்து வந்தார். மார்ச் மாதத்தை முழுசாகவும், ஏப்ரலில் பாதியையும் விரல் வைத்துப் பார்த்தார். காசிலிங்கம் என்று ஒரு வரி இல்லை.

"முகாம் கேஸுக்கெல்லாம் தனி வரிசை நம்பர் போட்டிருப்பாங்க. தனி ரிஜிஸ்தரும் இருந்திருக்கணும். எங்க கெடக்கோ தெரியலை. நம்பர் தெரிஞ்சா ஒரு வழி உண்டு. நம்பர் இல்லாம இந்த அறையில தேடுறதுன்னா எனக்கு ஆறு மாசம் ஆகும்."

அறையைத் திரும்பிப் பார்த்தால் அவர் சொன்னது மிகையில்லை என்று தெரிந்தது. தரையிலிருந்து உத்தரம் வரை சிவப்புத் துணி மூட்டைகள்.

வெளியே வந்ததும் சந்தனமாரி கோர்ட்டு வாசல் சேவகனிடம் தளவாய் என்ற பழைய டவாலியைப் பற்றி விசாரித்தாள். வேலையிலிருந்து நின்று மூன்று வருஷமாச்சாம், வீடு அடுத்த தெருவிலேயேதானாம். போனபோது தளவாய் களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தாலும் உயரம் குறையவில்லை.

"அய்யா, என்னைத் தெரியுதா? முத்துக்குளிப்பில காப்பி போட்டேன்," என்றார் காசிலிங்கம்.

தளவாய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "ஏலே, காப்பிக்காரப் பயலா நீ! மீசை வச்சிட்டா அடையாளம் தெரியாம போயிருமோ? உன்னைப் பிடிச்சிட்டுப் போனபெறகு அய்யாவுக்கு நாலு நாளு நல்ல காப்பி கெடைக்கலை. எனக்குத்தான் ஏச்சு."

"அந்தக் கேஸு நம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"நம்பரா? எனக்கு அந்த நாத்தந்தான் ஞாபகம் இருக்கு தாயி. ரெண்டு சிப்பி! அதைக் கேஸு முடியற வரைக்கும் பத்திரமா வைக்கணும்னு ஏட்டையா கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துட்டாரு. பங்குனி வெயிலு. மறுநாளே ஈ மொய்க்கி. மூணாம் நாளு பக்கத்துக் கொட்டகைக்காரன்லாம் பொணம் கெடக்குன்னு சண்டைக்கு வந்துட்டானுவ."

சந்தனமாரி ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப கேஸு முடியும் முன்னாலே அதை வெளியே போட்டிருப்பியளே? தொண்டிச் சாமானை உத்தரவு இல்லாம தொட முடியாதே."

"எப்படித் தொடுவேன்? அய்யா முன்னாலயே பிளந்து காட்டினாங்க. உள்ள முத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சதையைப் புதைச்சிரு, ஓடு மட்டும் இருக்கட்டும்னு எழுதினாரு. புதைச்சேன்னு தொண்டிப் புஸ்தகத்துல எங்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

வழக்குச் சம்பந்தமாகக் கைப்பற்றிய சாமானுக்குத்தான் தொண்டி என்று பெயர். அதற்குக் கோர்ட்டில் தனிப் புஸ்தகம் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கு எதிரிலும் வழக்கு நம்பர் எழுதியிருக்கும். சந்தனமாரி களத்து ஓரத்திலேயே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த வெள்ளைத் தாளில் இரண்டாம் மனுவை எழுதினாள். 1928 மார்ச் மாதம் முத்துக்குளிப்பு முகாமில் அழிக்க உத்தரவான சிப்பி இரண்டு பற்றிய தொண்டிப் புஸ்தகப் பதிவைத் தேடித் தரவேண்டியது என்று அதில் இருந்தது. பெயர் இல்லை, நம்பர் இல்லை, நாற்றமெடுத்த சாமான் மட்டும்தான்.

"என்னளா இது, சிப்பியைத் தேடுத," என்றார் காசிலிங்கம்.

"கோர்ட்டுல ஆயிரம் காசிலிங்கம் இருப்பாங்க அண்ணே. அழுகின சிப்பி ஒரு தடவைதான் வந்திருக்கும்."

தளவாயும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கோர்ட்டு வாசலில் இன்னும் அவருக்கு மரியாதை இருந்தது. சிவசுப்பிரமணியன் மனுவைப் படித்துவிட்டு எழுந்தார். ஏணியைச் சாத்தச் சொன்னார். தொண்டிப் புஸ்தகங்கள் வடக்குச் சுவரில் மேலே இருந்தன. இருபத்தெட்டாம் வருஷத்து மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தபோது, உள்ளே பெரிய புஸ்தகத்தின் அடியில் மெல்லிசாக இன்னொரு புஸ்தகமும் இருந்தது. அட்டையில் "முத்துக்குளிப்பு முகாம்" என்று எழுதியிருந்தது. முகாம் கலைந்து வந்த அன்றைக்கு, இரண்டையும் ஒரே துணியில் கட்டி, மேலே "தொண்டி" என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டார்கள். பிறகு அந்த மெல்லிசு முகாம் ரிஜிஸ்தரைத் தேடி எவரும் அந்த மூட்டைப் பக்கம் வரவில்லை.

தொண்டிப் புஸ்தகத்தில் பதினோராம் பக்கத்தில் சிப்பி இருந்தது. பக்கத்தில் நம்பர் ஏழு. கீழே தளவாயின் கோணல் கையெழுத்து. சிவசுப்பிரமணியன் மெல்லிசுப் புஸ்தகத்தில் ஏழாம் நம்பரைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எதிரி காசிலிங்கம். வயசு பத்தொன்பது."

"தகப்பன் பேரு?" என்றாள் சந்தனமாரி.

"சொல்லுறேன், பொறும்மா. தகப்பன் பேரு அருணாசலவடிவு. தொழில் காப்பிக் கடை. குற்றம்... தேதி இருபத்தேழு மூணு இருபத்தெட்டு."

"முடிவு என்ன போட்டிருக்கு?"

"குற்றவாளி அல்ல. விடுதலை. மாஜிஸ்டிரேட் கையெழுத்து இருக்கு."

காசிலிங்கம் அந்த வரியை எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகத் தன் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த சொல்லை வேறொருவர் புஸ்தகத்தைப் பார்த்து வாசித்தது அன்றைக்குத்தான். தளவாய் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, அய்யா நியாயமான ஆளுன்னு," என்றார். அன்றைக்கு அவர் அப்படி ஒன்றும் சொன்னதாகக் காசிலிங்கத்துக்கு ஞாபகம் இல்லை.

பதிவின் நகலுக்கு ஸ்டாம்பு ஒட்டி மனுக் கொடுத்தார்கள். நகல் எழுதுகிறவர் கையில் முன்னாலேயே முப்பது மனு இருந்ததால் புதன்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். புதன் பதினேழாம் தேதி. ஒரு நாள் தவறினாலும் போச்சு. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் காசிலிங்கம் இதைச் சொல்லிப் புலம்பினார். சந்தனமாரி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

சொன்ன புதன்கிழமை மறுபடியும் ஸ்ரீவைகுண்டம் போய்க் காத்திருந்ததில், மாலை நாலு மணிக்கு முத்திரை குத்திய நகல் கைக்கு வந்தது. பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்கு இருவரும் சப்ளை ஆபீசரின் அறைக்குள் போனார்கள். இளவயது அதிகாரி. நகலை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். வரிவரியாகப் படித்தார். பிறகு மேஜையில் வைத்துவிட்டு, "இது ரிஜிஸ்தர்ப் பதிவுதானே? தீர்ப்பு நகல் எங்கே? தீர்ப்பில் வேறு மாதிரி இருந்தால்?" என்றார்.

காசிலிங்கம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். சந்தனமாரி மடித்த இன்னொரு தாளை எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள். தீர்ப்பு அடங்கிய கட்டு விதிப்படி கழிக்கப்பட்டுவிட்டது, இப்போது இந்த வழக்குக்கு இருக்கும் ஒரே பதிவு மேற்படி ரிஜிஸ்தர்தான் என்று எழுதி, அதற்கும் கோர்ட்டு முத்திரை வாங்கியிருந்தாள். முந்தின நாள் ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் தளவாயோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சிவசுப்பிரமணியனிடம் மனுக் கொடுத்து வாங்கியது. அண்ணனுக்கே அப்போதுதான் தெரியும்.

"இதுல வேற மாதிரி இருக்க வழியில்லைய்யா," என்றாள். "இருக்கதே இந்த ஒண்ணுதான்."

அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மொட்டைக் கடிதத்தையும் ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதன்மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் இரண்டு வரி எழுதினார்.

"யாருய்யா உங்க வக்கீல்? வேலை சுத்தமா இருக்கே."

"வக்கீல் வைக்கலைய்யா," என்றார் காசிலிங்கம். பிறகு அந்த அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இவ எந் தங்கச்சி. சந்தனமாரி."

அதிகாரி லைசென்ஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். காசிலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பிவிட்டார். சந்தனமாரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அய்யா, அரிசி என்னைக்கு வந்து சேரும்?"

"வரும்மா, சொல்லி அனுப்புவோம்."

"சொல்லி அனுப்ப வேண்டாம்யா. தேதி போட்டு எழுதிக் குடுத்திருங்க," என்று அவள் தன் கையிலிருந்த வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.